ரோபோவைப் பத்தி கேக்குறவங்க யாரும் பையைப் பத்தி கேக்குறதில்லை

மலக்குடல் கேன்சருக்கு ரோபோ ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்னு சொன்னதும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "மெஷினே வெட்டுமா, டாக்டர் பக்கத்துல இருப்பாரா?" ரெண்டாவது, "தழும்பே தெரியாதாமே?" மலம் வந்து விழ வயித்துல மாட்டுற பையைப் பத்தி ஒருத்தர்கூட கேக்குறதில்லை. கேக்குறவங்களைச் சொல்லி என்ன, விளம்பரத்துல எல்லாம் அந்த மெஷினோட கையைத்தானே காட்டுறாங்க. ஆனா இதுக்குள்ள போய் வெளிய வந்தவன்ங்கிற முறையில சொல்றேன், அந்த மெஷினுக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் ஒரு பகல் பொழுதுதான். அதுக்கு முன்னாடி பல மாசம் வேற வேலை நடந்துச்சு, அதுக்கு அப்புறம் நடக்குறது இன்னும் முடியலை. எங்க போறது யாரைக் கேக்குறதுன்னு முழிச்சிக்கிட்டு இருக்குறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னுதான் எழுதுறேன். நான் டாக்டர் இல்லை, உங்க ரிப்போர்ட்டைப் பாத்து முடிவு பண்ண வேண்டியது உங்க டாக்டர்தான்.

எனக்கு ஆரம்பிச்சது ரத்தத்துல. மோஷன் போறப்ப ரத்தம், அதுவும் கலந்து கலந்து, கூடவே போயிட்டு வந்த பத்து நிமிஷத்துல மறுபடி வர்ற மாதிரி ஒரு உணர்வு, போனா ஒண்ணும் வராது. முதல்ல பாத்த டாக்டர் மூலம்னு சொல்லி மாத்திரையும் களிம்பும் எழுதிக் கொடுத்துட்டாரு, விரல் விட்டுப் பாக்கவே இல்லை. அடுத்து பாத்த டாக்டர் கையில கிளவுஸ் போட்டுப் பாத்தாரு, அரை நிமிஷம்கூட ஆகலை, முகம் மாறிடுச்சு. "சார், உடனே ஸ்கோப் பண்ணிடலாம்"னாரு. நாப்பது வயசு தாண்டின யாருக்காவது ரத்தம் போகுதுன்னா, மூலம் இருந்தாலும் சரி, விரல் விட்டுப் பாக்கச் சொல்லிக் கேளுங்க, கூச்சமே வேணாம். இப்பல்லாம் சின்ன வயசுக்காரங்களுக்கும் வருது, அதனால வயசு கம்மின்னு சொல்லித் தள்ளிப் போடுறதும் சரியில்லை.

கொலனாஸ்கோபி (கேமரா டியூப் விட்டுப் பெருங்குடலைப் பாக்குறது, டாக்டர் சொன்ன ஸ்கோப் இதான்), பயாப்சி (கட்டியில துளி எடுத்து டெஸ்ட் பண்றது), நெஞ்சுக்கும் வயித்துக்கும் சிடி ஸ்கேன், ரத்தத்துல சிஇஏங்கிற கேன்சர் டெஸ்ட், இதெல்லாம் வரிசையா ஆச்சு. ஆனா இந்த வியாதியைப் பொறுத்தவரை எல்லாத்துக்கும் ராஜா இடுப்புப் பகுதிக்கு எடுக்குற எம்ஆர்ஐதான். மலக்குடல்ங்கிறது பெருங்குடலோட கடைசி 15 சென்டிமீட்டர் மாதிரி, அதைச் சுத்தி ஒரு கொழுப்பு உறை இருக்கு, அந்த உறைக்குள்ளதான் நெறிக்கட்டி, ரத்தக் குழாய் எல்லாம் ஓடுது. கட்டி சுவரைத் தாண்டிக் கொழுப்புக்குள்ள எவ்வளவு போயிருக்கு, உறையோட ஓரத்தை எட்டிடுச்சா, நெறிக்கட்டியில இருக்கா, மோஷனை அடக்குற தசையைத் தொடுதா, இதையெல்லாம் எம்ஆர்ஐ சொல்லும். எனக்கு ஆசனவாயில இருந்து 6 சென்டிமீட்டர்ல கட்டி. இந்த நம்பரை மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க, எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைத்தான் கேப்பாங்க, ஏன்னா ஆசனவாயைக் காப்பாத்த முடியுமா, இல்லை மலம் வெளிய வர வயித்துல நிரந்தரமா பை வைக்கணுமாங்கிறது பெரும்பாலும் இதை வச்சும் தசையை வச்சும்தான் முடிவாகுது. தசைக்குள்ளயே கட்டி புகுந்திருந்தா எந்த ரோபோ வந்தாலும் அதைக் காப்பாத்திக் கொடுக்காது. இதை யாரும் நேரா சொல்ல மாட்டேங்குறாங்க.

நேரா தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னுதான் நான் நினைச்சேன். அப்படி இல்லை. கீழ இருக்குற கட்டிக்கு, கொஞ்சம் முத்தியிருந்தா, முதல்ல ரேடியேஷன், கூடவோ பின்னாடியோ கீமோ. நீளமான கோர்ஸ்னா வழக்கமா 25ல இருந்து 28 சிட்டிங், வாரம் 5 நாள், கூட கேப்சிடபின்ங்கிற கீமோ மாத்திரை. குட்டைக் கோர்ஸ்னா அஞ்சே நாள், நாளுக்கு 5 கிரே (கிரேங்கிறது ரேடியேஷனை அளக்குற அளவு). இப்ப கீமோவையும் முழுசா ஆபரேஷனுக்கு முன்னாடியே முடிச்சிடுற முறையும் பரவலா வந்துடுச்சு. எனக்கு நீளமான கோர்ஸ். ரேடியேஷன் நடக்குறப்ப ஒண்ணும் தெரியலை, கடைசி ரெண்டு வாரம்தான் உக்கார முடியாத எரிச்சல், யூரின் போறப்பவும் கடுப்பு, ஆளையே சாய்ச்சிப் போடுற அசதி. அதைப் பத்தி ரொம்ப எழுத ஒண்ணும் இல்லை, பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டினதுதான்.

ரெண்டு விஷயம் மட்டும் ரேடியேஷன் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே பேசிடணும். ஒண்ணு, குழந்தை பெத்துக்குற எண்ணம் இருக்குறவங்க விந்தணுவோ கருமுட்டையோ சேமிச்சு வைக்குறதைப் பத்திக் கேட்டுடணும், ஆரம்பிச்ச அப்புறம் கேட்டா லேட்டு. பெண்களுக்கு இந்த ரேடியேஷன்ல மாதவிடாயே நின்னு போகலாம், பிறப்புறுப்பு சுருங்கலாம், அதுக்கு செய்ய வேண்டியது இருக்கு, முன்கூட்டியே சொல்லித் தரணும். இன்னொண்ணு, பயாப்சியில எம்எம்ஆர் டெஸ்ட் பண்ணியாச்சான்னு கேளுங்க. சில கட்டிக்கு டிஎன்ஏவுல விழுற தப்பைத் திருத்திக்குற திறன்ல குறைபாடு இருக்கும், அதைத்தான் இந்த டெஸ்ட் பாக்குது, ரொம்பக் கம்மி பேருக்குத்தான், ஆனா அவங்களுக்கு உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டி விடுற இம்யூனோதெரபி அபாரமா வேலை செய்யுது. 2022ல நியூயார்க்ல ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரியில டோஸ்டர்லிமாப்ங்கிற மருந்து கொடுத்து முதல் 12 பேருக்கும் கட்டி முழுசா மறைஞ்சு போச்சு, ரேடியேஷன் இல்லாம, ஆபரேஷன் இல்லாம. எனக்கு அந்த வகை இல்லை. இருந்தாலும் ஒரு டெஸ்ட்தானே, கேக்காம விடாதீங்க.

ரேடியேஷன் முடிஞ்சு சில வாரம் காத்திருந்து மறுபடியும் எம்ஆர்ஐ, மறுபடியும் ஸ்கோப். இங்க ஒரு கிளைப் பாதை இருக்கு. கட்டி அடியோட மறைஞ்சிருந்தா ஆபரேஷன் பண்ணாம கண்காணிப்புல வைக்குற வழி உண்டு, பிரேசில்ல ஆஞ்செலிட்டா ஹப்ர் காமாங்கிற பெண் சர்ஜன்தான் இதை ஆரம்பிச்சு வச்சவங்க, அப்ப உலகமே அவங்களைத் திட்டுச்சு, இப்ப பெரிய பெரிய ஆஸ்பத்திரியே செய்யுறாங்க. ஆனா அடிக்கடி ஸ்கோப்பும் எம்ஆர்ஐயும் தவறாம பண்ணணும், கொஞ்ச பேருக்கு திரும்ப முளைக்கும். எனக்கு பாதிக்கு மேல சுருங்கியிருந்துச்சு, மறையலை. அதனால ஆபரேஷன்.

இப்பதான் ரோபோ பேச்சு வந்துச்சு. மூணு வழி இருக்கு, வயித்தைத் திறந்து பண்ற ஓபன், சின்ன ஓட்டை வழியா கேமராவும் கருவியும் விட்டுப் பண்ற லேப்ராஸ்கோபி, அந்தக் கருவியை மெஷின் கை பிடிச்சிக்குற ரோபோ. என் மச்சான் ஒருத்தர் இருக்காரு, எதுக்கெடுத்தாலும் லேட்டஸ்ட்தான் பெஸ்ட்டுன்னு சொல்ற ஆளு, "மாப்ள, யோசிக்கவே யோசிக்காத, ரோபோதான்"னு ஒரே பிடியா நின்னாரு. என் வீட்டுக்காரி மட்டும்தான் உருப்படியா ஒரு கேள்வி கேட்டா, "என்னங்க, மூணுலயும் உள்ள எடுக்குறது ஒண்ணுதானா, வேற வேறயா?" அதையே சர்ஜன்கிட்டயும் கேட்டா. அவரு சந்தோஷமா பதில் சொன்னாரு. உள்ள எடுக்குறது ஒண்ணுதான். மலக்குடலை அந்தக் கொழுப்பு உறையோட, உறை கிழியாம, ஒரே பொட்டலமா எடுக்கணும், இதை டிஎம்இன்னு சொல்றாங்க, இங்கிலாந்துல பேசிங்ஸ்டோக்ல இருந்த பில் ஹீல்ட்ங்கிற சர்ஜன் 1982ல எழுதினது. அதுக்கு முன்னாடி கையை விட்டுக் குத்துமதிப்பா பிச்சு எடுத்துக்கிட்டு இருந்த காலத்துல நிறைய பேருக்கு அதே இடத்துல மறுபடி கேன்சர் வந்துச்சு, உறையோட எடுக்க ஆரம்பிச்சதும் அது மளமளன்னு குறைஞ்சுது. அதாவது ரோபோ வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பெரிய முன்னேற்றம் நடந்து முடிஞ்சிடுச்சு, ரோபோ அதே வேலையைச் செய்ய வந்த இன்னொரு கருவி.

அப்புறம் எதுக்கு ரோபோன்னா, இடம் நெருக்கடி. இடுப்பெலும்புக்குள்ள, அதுவும் ஆம்பளைங்களுக்கு, கொஞ்சம் தொப்பை வேற இருந்துட்டா, வேலை செய்ய இடமே கிடையாது. குறுகலான வாய் இருக்குற கூஜாவுக்குள்ள கையை விட்டு அடியைத் தேய்ச்சிருக்கீங்களா, அந்தக் கஷ்டம்தான், என்ன, இங்க ஓரத்துல யூரினுக்கும் ஆண்மைக்கும் போற நரம்பு நூல் மாதிரி ஓடுது. லேப்ராஸ்கோபி கருவி நேரா இருக்குற குச்சி, நுனி மடங்காது. ரோபோ கருவிக்கு மணிக்கட்டு இருக்கு, எந்தப் பக்கமும் திரும்பும், சர்ஜனோட கை நடுக்கத்தை வடிகட்டிடும், கேமரா ஆடாது, படம் பெருசா முப்பரிமாணத்துல தெரியும். தானா ஒரு நூல்கூட வெட்டாது. சர்ஜன் நாலடி தள்ளி ஒரு கன்சோல்ல தலையை வச்சு உக்காந்திருப்பாரு, தலையை எடுத்தாலே மெஷின் கை அப்படியே நின்னுடும். நம்ம பக்கத்துல இன்னொரு சர்ஜன் நின்னு உறிஞ்சுறது, ஸ்டேப்ளர் போடுறது, கருவி மாத்துறதெல்லாம் பாத்துக்குவாரு. குறையும் உண்டு, பெரும்பாலான மெஷின்ல திசுவைத் தொட்ட உணர்வு கைக்கு வராது, கண்ணால பாத்தே எவ்வளவு இழுக்கலாம்னு தெரிஞ்சுக்கணும். நேரமும் கூட ஆகும், செலவும் கூட.

ஆதாரம் என்ன சொல்லுதுன்னும் கேட்டோம், ஏன்னா மச்சான் பேச்சை வச்சு வயித்தைக் கிழிச்சுக்க முடியாதே. 2017ல வந்த ரோலார்ங்கிற ஆய்வுல 471 பேரு, பல நாடு. பாதியில ரோபோவையோ லேப்ராஸ்கோபியையோ கைவிட்டு வயித்தைத் திறக்க வேண்டி வந்தது ரோபோவுல 8.1 சதவீதம், லேப்ராஸ்கோபியில 12.2. பாக்க நல்லா இருக்கு, ஆனா கணக்குப்படி அதை உறுதியான வித்தியாசம்னு சொல்ல முடியலை. அப்புறம் சீனாவுல ஆயிரத்து நூறு பேருக்கு மேல வச்சு ரியல்னு ஒரு ஆய்வு, நடுவுலயும் கீழயும் இருக்குற கட்டி மட்டும். அதுல எடுத்த பொட்டலத்தோட ஓரத்துல கேன்சர் தென்பட்டது ரோபோவுல 4.0 சதவீதம், லேப்ராஸ்கோபியில 7.2. மூணு வருஷத்துல அதே இடத்துல திரும்ப வந்தது 1.6க்கு 4.0, இது 2025ல வெளியானது. அதுல ஆபரேஷன் பண்ணவங்க எல்லாம் கை தேர்ந்த சர்ஜன்கள்ங்கிறதையும் சேத்துப் படிக்கணும். என் கணிப்பு இதுதான்: கட்டி கீழ இருந்து, இடுப்பு குறுகலா இருந்து, ரோபோவுல நிறைய பண்ண சர்ஜன் கிடைச்சா ரோபோ நல்லது. கட்டி மேல இருந்தா லேப்ராஸ்கோபியே தாராளம். ரோபோவுல நாலஞ்சு கேஸ் பண்ணவரைவிட லேப்ராஸ்கோபியோ ஓபனோ நூத்துக்கணக்குல பண்ணவர் எவ்வளவோ மேல். பணம் புரட்ட முடியலை, அதனால ரோபோ பண்ண முடியலைன்னு யாரும் குற்ற உணர்ச்சியில குறுகிப் போகாதீங்க.

சர்ஜனை நேரா கேட்டுடுங்க. மலக்குடல் கேஸ் மட்டும் வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க, அதுல ரோபோ எத்தனை, குடலைச் சேத்த இடத்துல லீக் உங்களுக்கு எத்தனை பேருக்கு ஆச்சு, எனக்கு லீக் ஆயிட்டா என்ன பண்ணுவீங்க, என் கேஸை கேன்சர் டாக்டர், ரேடியேஷன் டாக்டர், எம்ஆர்ஐ படிக்குறவர் எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசினீங்களா. நல்ல சர்ஜன் இதுக்குக் கோபப்பட மாட்டாரு. நான் முதல்ல பாத்த ஒருத்தரு கோபப்பட்டாரு, எழுந்து வந்துட்டோம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நடந்த ஒரு சின்ன வேலைதான் எனக்கு அடுத்த பல மாசத்தைக் காப்பாத்துச்சு. ஸ்டோமா நர்ஸ் ஒருத்தங்க மார்க்கர் பேனாவோட வந்தாங்க. ஸ்டோமான்னா பை மாட்டுறதுக்காக வயித்துக்கு வெளிய கொண்டு வர்ற குடல் வாய். "சார், உக்காருங்க. இப்ப குனிங்க. பேண்ட் எங்க கட்டுவீங்க, தொப்புளுக்கு மேலயா கீழயா? இப்ப படுங்க. தலையைத் தூக்குங்க"ன்னு என்னை ஆட்டி வச்சு, வயித்துல மடிப்பு விழாத, பெல்ட் உரசாத, என் கண்ணுக்கே தெரியுற ஒரு இடமாப் பாத்துப் புள்ளி வச்சாங்க. கீழ இருக்குற கட்டிக்கு குடலை வெட்டிச் சேத்ததும், அந்த ஒட்டு ஆறுற வரைக்கும் மலம் அந்தப் பக்கம் போகாம இருக்க, சிறுகுடலை ஒரு வளைவா வயித்துக்கு வெளிய கொண்டு வந்து பை மாட்டுவாங்க, அதான் தற்காலிக ஐலியோஸ்டமி. லீக்கே ஆகாதுன்னு இல்லை, ஆனா உயிருக்கு ஆபத்தா மாறுறது குறையும். இந்தப் புள்ளி வைக்குற வேலையைப் படுக்க வச்சு மட்டும் பண்ணா, எழுந்து உக்காந்ததும் மடிப்புக்குள்ள போயிடும், பை ஒட்டவே ஒட்டாது. உங்க ஆஸ்பத்திரியில இதைச் செய்ய ஆள் இருக்கான்னு கேளுங்க. ரோபோ எந்த மாடல்னு கேக்குறதைவிட இது முக்கியம்.

தியேட்டர்ல எனக்கு ஞாபகம் இருக்குறது குளிரும், மூலையில பிளாஸ்டிக் உறை போட்டுக் கையை மடக்கிக்கிட்டு நின்ன அந்த மெஷினும்தான். பாத்தப்ப சிரிப்பு வந்துச்சு, இவ்வளவு பேரு பேசின ஆளு நீதானான்னு. தலையைக் கீழ சாய்ச்சு, வயித்துக்குள்ள கார்பன் டை ஆக்ஸைடு நிரப்பி, பல மணி நேரம் நடக்குற ஆபரேஷன் இது, அதனால முழிச்சதும் முகம் உப்பி, கண் இமை வீங்கி இருந்துச்சு, பாத்து வீட்டுல பயந்துட்டாங்க, ஒரு நாள்ல வடிஞ்சிடுச்சு. தோள்பட்டையில ஒரு வலி, வயித்துல வெட்டினா தோள் ஏன் வலிக்கணும்னு குழம்பிட்டேன், அது உள்ள மிச்சம் இருக்குற கேஸ் உதரவிதானத்தை உறுத்துறதால. நடக்க நடக்கப் போயிடும். தழும்புன்னு பாத்தா 8 மில்லிமீட்டர்ல சில ஓட்டை, கூடவே எடுத்த குடலை வெளிய கொண்டு வர அடிவயித்துல ஒரு வெட்டு. ஆமா, ரோபோன்னாலும் ஒரு வெட்டு உண்டு, பொட்டலம் முழுசா வெளிய வரணுமே. வெட்டுற முனைக்கு ரத்த ஓட்டம் இருக்கான்னு ஐசிஜிங்கிற பச்சை சாயம் ஊசி போட்டுப் பாத்தோம்னு சர்ஜன் அப்புறமா சொன்னாரு, சாயம் ஒளிர்ற இடம் உயிரோட இருக்கு, ஒளிராத இடத்தைத் தள்ளி வெட்டணும்.

மறுநாளே எழுப்பி நடக்க விட்டாங்க. வலி தாங்கக்கூடியதுதான். நான் பயந்தது யூரின் டியூப் எடுக்குற நாளுக்கு, நரம்பு அடிபட்டிருந்தா அன்னைக்குத்தான் தெரியும். முதல் தடவை போகலை, திரும்பப் போட்டாங்க, சில நாள் கழிச்சு எடுத்தப்ப போச்சு. ஆம்பளைங்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு, வெளிப்படையாவே எழுதிடுறேன், விறைப்பு பல மாசம் சரியா இருக்காது, ரேடியேஷனும் ஆபரேஷனும் சேந்து பண்ற வேலை. கொஞ்சம் கொஞ்சமா திரும்பலாம், சிலருக்குத் திரும்பாது, மாத்திரை இருக்கு, கேட்டா டாக்டர் எழுதித் தருவாரு, நம்ம கேக்காம அவங்களா ஆரம்பிக்கிறது அபூர்வம். கேன்சர் ஆபரேஷனுக்கு அப்புறம் கால்ல ரத்தம் கட்டாம இருக்க ஹெப்பாரின் ஊசி வீட்டுக்குப் போயும் போட வேண்டியிருக்கும், பல இடத்துல மொத்தம் 28 நாள், அதை நடுவுல நிறுத்திடக் கூடாது.

இப்ப பை. ஸ்டோமான்னா சிவப்பா, ஈரமா, விரல் நுனி அளவு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், பாக்க ரணம் மாதிரி இருந்தாலும் தொட்டா வலிக்கவே வலிக்காது. துடைக்குறப்ப லேசா ரத்தம் கசியும், பயப்பட வேணாம். கறுத்துப் போனா மட்டும் உடனே ஓடணும். முதல் வாரம் வீட்டுல மாத்துறப்ப குளியலறையில நானும் வீட்டுக்காரியும் கத்திரிக்கோலும் அளவு அட்டையுமா நிக்குறோம், பையைத் தோல்ல ஒட்டி வைக்குற பழைய பிளேட்டை உரிச்சாச்சு, புதுசை வெட்டியாச்சு, ஒட்டப் போற நேரத்துல அது பாட்டுக்கு பீச்சி அடிக்குது, தரை, காலு, அவ புடவை எல்லாம். எனக்கு அழுகை, அவளுக்கு சிரிப்பு, அப்புறம் எனக்கும் சிரிப்பு. அப்புறம் நர்ஸ்தான் சொன்னாங்க, காலையில எழுந்து எதுவும் சாப்பிடுறதுக்கு முன்னாடி மாத்துங்க சார், அப்ப வரத்து கம்மியா இருக்கும்னு. அதுலயே பாதிப் பிரச்சனை தீந்துச்சு. பிளேட்ல வெட்டுற ஓட்டை ஸ்டோமாவைவிட ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் பெருசா இருக்கணும், பெருசா வெட்டினா மலம் தோல்ல பட்டு வெந்து போயிடும். சிறுகுடல் மலத்துல ஜீரண நீர் இருக்கு, தோலையும் ஜீரணிக்கப் பாக்கும். முதல் சில வாரம் ஸ்டோமா சுருங்கிக்கிட்டே வரும், அதனால அளவை மறுபடி மறுபடி எடுக்கணும். பை மூணுல ஒரு பங்கு நிரம்பினதும் காலி பண்ணிடணும், கனம் கூடினா பிளேட்டே கழண்டு வரும், அனுபவத்துல சொல்றேன், அதுவும் ராத்திரியில.

இதைவிடப் பெரிய சிக்கல் தண்ணிச்சத்து. டிஸ்சார்ஜ் பேப்பர்ல நிறைய தண்ணி குடிக்கவும்னு ஒரே வரி. நானும் சொம்பு சொம்பா குடிச்சேன். வரத்து கூடிக்கிட்டே போச்சு, கால் சதை பிடிச்சு இழுக்குது, எழுந்தா தலை சுத்துது, யூரின் டீ நிறத்துல கொஞ்சமா போகுது. அட்மிட் பண்ணி ரத்தம் பாத்தா கிரியேட்டினின் ஏறிக் கிடக்கு, கிட்னி அடி வாங்கிடுச்சு. ஐலியோஸ்டமி வச்சவங்க திரும்ப ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு இதுதான் பெரிய காரணம்னு அங்க இருந்த டாக்டர் சாதாரணமா சொன்னாரு, அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. வெறும் தண்ணி குடிச்சா உப்பு இன்னும் வெளிய போகும், ஓஆர்எஸ் கரைசல்தான் குடிக்கணும். ஒரு அளவு ஜாடி வாங்கி முதல் சில வாரம் வர்றதை அளந்து எழுதுங்க, ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள்ள இருந்தா சரி, ஒன்றரை லிட்டரைத் தாண்டினா போன் போட வேண்டியதுதான், வரத்தைக் குறைக்குற லோபராமைடு மாத்திரையை எவ்வளவு போடலாம்னு அவங்க சொல்லுவாங்க. காளான், மக்காச்சோளம், நட்ஸ் மாதிரி கரையாத ஐட்டம் அடைச்சுக்கும், ஆரம்பத்துல தொடவே வேணாம்.

இன்னொண்ணு யாரும் சொல்லாதது: பையில எல்லாம் போனாலும் பின்னாடி ஆசனவாய் வழியா சளி மாதிரி வரும், மோஷன் வர்ற உணர்வும் வரும். உள்ள ஏதோ உடைஞ்சு போச்சுன்னு நான் மிரண்டுட்டேன். உபயோகத்துல இல்லாத குடலும் சளி சுரக்கும், அவ்வளவுதான், உக்காந்து வெளியேத்தினா போதும். ஆனா நாத்தத்தோட சீழ், காய்ச்சல், அடிவயித்துல புது வலின்னா அது லீக்கா இருக்கலாம், தாமதிக்கக் கூடாது.

ஆபரேஷன்ல எடுத்த குடலோட பயாப்சி ரிப்போர்ட் வந்ததும் மூணு விஷயத்தை மட்டும் தேடிப் பாருங்க. சுத்தியுள்ள ஓரத்துல கேன்சர் இருக்கா, உறை முழுசா வந்திருக்கா, நெறிக்கட்டி எத்தனை பாத்தாங்க எத்தனையில இருக்கு. 12க்குக் குறையாம பாக்கணும்ங்கிறது பொது அளவு, ரேடியேஷன் வாங்கினவங்களுக்குக் கம்மியா கிடைக்குறதும் உண்டு. எனக்கு ஓரம் சுத்தம், உறை முழுசு, நெறிக்கட்டியில இல்லை. ரோபோ தன் வேலையை ஒழுங்கா பண்ணுச்சான்னு தெரியணும்னா தழும்பைப் பாக்கக் கூடாது, இந்த ரிப்போர்ட்டைத்தான் பாக்கணும்.

பையை மூடுற ஆபரேஷன், அதாவது வெளிய இருந்த குடலை மறுபடி உள்ள வச்சு மூடுறது, சின்னது. அதுக்கு முன்னாடி பின்பக்கமா சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்து ஒட்டு ஆறிடுச்சான்னு பாத்தாங்க. அதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு வீட்டுல பெரிய சந்தோஷம். உண்மையில எனக்குக் கஷ்ட காலம் அப்பதான் ஆரம்பிச்சுது. மலக்குடல்ங்கிறது சேத்து வைக்குற தொட்டி, அந்தத் தொட்டியே இப்ப இல்லை. காலையில போனா, பதினஞ்சு நிமிஷத்துல மறுபடி, அப்புறம் மறுபடி, கொத்து கொத்தா. வந்துடுச்சுன்னு தோணினா ஒரு நிமிஷம்கூட அடக்க முடியாது. வர்றது காத்தா மலமான்னே பிரிச்சு சொல்ல முடியாது. இதுக்கு லார்ஸ்னு பேரு, டென்மார்க் டாக்டருங்க 2012ல அஞ்சு கேள்வியில ஒரு மார்க் ஷீட்டே போட்டிருக்காங்க, 42க்கு 30ம் அதுக்கு மேலயும் வந்தா கடுமைன்னு அர்த்தம். நான் நல்ல மார்க்கு வாங்கி பாஸானேன். கட்டி எவ்வளவு கீழயோ அவ்வளவு இது ஜாஸ்தி, ரேடியேஷன் இன்னும் கூட்டும், ரோபோவுல பண்ணதால இது வராதுன்னு கிடையாது.

எனக்குக் கைகொடுத்ததைச் சொல்றேன். பை மூடுறதுக்கு முன்னாடியே இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி ஆரம்பிச்சேன், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தாங்க. நார்ச்சத்துப் பொடியைக் கம்மித் தண்ணியில கலந்து எடுத்தா மலம் கெட்டியாகி ஒரே தடவையில போகுது. வெளிய கிளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி லோபராமைடு, டாக்டர் சொன்ன அளவு. பின்பக்கம் புண்ணாகாம இருக்க தண்ணியில கழுவி, தேய்க்காம ஒத்தி எடுத்து, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு. சாப்பாட்டு நேரத்தை ஒரே மாதிரி வச்சு, ராத்திரி சீக்கிரமா முடிச்சிட்டா தூக்கம் கிடைக்குது. இதெல்லாம் போதாதவங்களுக்கு பின்வழியா தண்ணி ஏத்தி ஒரேயடியா காலி பண்ற முறை இருக்கு, என் கூட வார்டுல இருந்தவர் அதுக்கு மாறி, இப்ப பஸ்ல தைரியமா போறாரு. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வரைக்கும் மெல்ல மெல்ல தேறும், முழுசா பழையபடி ஆகாது. இதைத் தாங்க முடியாம நிரந்தரப் பைக்கே போனவங்களும் இருக்காங்க, நிம்மதியா இருக்காங்க, அது தோல்வி இல்லை. முதல்லயே நிரந்தரப் பைன்னு சொல்லிட்டாங்களேன்னு அழுறவங்களுக்கும் இதைச் சொல்லணும்னு நினைச்சேன்.

ஃபாலோ அப் ஓடிக்கிட்டு இருக்கு. முதல் ரெண்டு வருஷம் மூணுலேர்ந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சிஇஏ, அப்பப்ப சிடி, ஆபரேஷன் ஆன ஒரு வருஷத்துல கொலனாஸ்கோபி. கனமான எதையும் ஆரம்ப வாரங்கள்ல தூக்க விடலை, ஸ்டோமா இருந்த இடத்துல குடல் இறக்கம் வரலாம்னு.

கூடப் பிறந்தவங்களும் பிள்ளைங்களும் சீக்கிரமா கொலனாஸ்கோபி பண்ணிக்கணும்னு டாக்டர் எழுதியே கொடுத்துட்டாரு, 40 வயசுல இல்லைன்னா எனக்கு வந்த வயசுக்கு பத்து வருஷம் முன்னாடி, எது முதல்ல வருதோ அப்ப. தங்கச்சி பண்ணிட்டா, சின்னதா ஒரு பாலிப், அதாவது சதை வளர்ச்சி, இருந்து அங்கயே எடுத்துட்டாங்க. தம்பிதான் "அண்ணா, எனக்கு ஒண்ணும் இல்லண்ணா, அடுத்த மாசம் பாக்கலாம்"னு இழுத்துக்கிட்டே இருக்கான். இந்த வாரம் அவன் பொண்டாட்டிக்கே போன் போட்டு தேதி வாங்கச் சொல்லப் போறேன்.